காந்தம் பட்ட சாம்பல்

முகுந்தன் அண்ணன் விபூதியைப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

செனாவாங்கில் எங்கள் தொழிற்சாலை செய்வது டயாலிசிஸ் குழாய்கள். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுபோய், கழுவியபின் திரும்பக் கொண்டுவரும் குழாய்கள். கட்டடத்தின் ஒரு பக்கத்தில் குழாய்களைக் கோத்து, பையில் போட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். மறு பக்கத்தில், இரண்டு மீட்டர் கனமான கான்கிரீட் சுவருக்குப் பின்னால், கோபால்ட் இருக்கிறது. பெட்டிகள் அலுமினியத் தொட்டிகளில் ஏறி உள்ளே போய், கோபால்ட்டைச் சுற்றி வந்து, கிருமி செத்து வெளியே வரும். கோபால்ட்டை அணைக்க முடியாது. வேலை இல்லாதபோது தண்ணீர்த் தொட்டியின் அடியில் இறக்கி வைப்போம். அங்கேயும் அது சும்மா இருக்காது. தண்ணீருக்குள் நீலமாக ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். அது ஓயாததால் நாங்களும் ஓய்வதில்லை. ஆறு வருஷமாக எனக்கு மாலை ஏழு முதல் காலை ஏழு வரை வேலை.

முகுந்தன் அண்ணன் பேக்கிங்கில் கடைசி நாற்காலி. பையை ஒட்டிப் பெட்டியில் வைப்பது அவர் வேலை. ஐம்பதை நெருங்குகிறவர். அவர் மனைவி தனலெட்சுமிக்கு மூன்று வருஷமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. மம்பாவில் ஒரு மையத்தில். அந்த மையத்துக்குப் போவதும் எங்கள் குழாய்தான். மம்பாவ் என்று சீட்டு ஒட்டிய பெட்டி வரும்போதெல்லாம் அவர் கை கொஞ்சம் மெதுவாகும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு மம்பாவுக்கு இரண்டு பெட்டிகள். நான் பெட்டிக்குள் டோஸ் சில்லு வைக்கப் போயிருந்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு, நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கதிர் பட்டால் கறுக்கும். எவ்வளவு கறுத்தது என்று அளந்தால் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரியும். அண்ணன் குனிந்து காலுறைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அந்த வெள்ளை உடுப்பில் பாக்கெட் கிடையாது. ஒரு சிட்டிகை எடுத்துப் பைக்குள் போட்டு, பையின் காகிதப் பக்கத்தில் பேனாவால் பிள்ளையார் சுழி எழுதி, ஒட்டும் இயந்திரத்தில் வைத்து அழுத்தினார்.

"அண்ண, என்னா போடுறீங்க?"

"முனியாண்டி விபூதிடா. கத்தாத."

"கியூசி பாத்தா தோல உரிச்சிடுவாங்க."

"பாத்தாத்தான? அப்புறம், நீதான் உள்ள வுட்டு வறுத்து எடுக்கப் போறியே. அதுல சாவாத கிருமி ஒண்ணு இருக்கா, புரொபசர்?"

"இல்லலா" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய் இல்லை. ஐந்து கிரே கதிர் ஒரு மனிதனுக்குப் போதும். சில வாரங்களில் ஆள் முடிந்துவிடும். எங்கள் பெட்டிகளுக்கு நாங்கள் கொடுப்பது இருபத்தைந்தாயிரம். ஒரு சிட்டிகைச் சாம்பலில் என்ன இருந்துவிடப் போகிறது?

ஆனால் சாவாத கிருமி ஒன்று இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். புரொபசர் என்று என்னைக் கூப்பிடுவது அதனால்தான். நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துக் கடைசி வருஷத்தில் விட்டவன்.

என் கடைசி வருஷ வேலை டெய்னோகாக்கஸ் என்ற கிருமி. ரோஸ் நிறத்தில் வளரும். கதிர் பட்டால் எந்த உயிரின் மரபு இழையும் துண்டு துண்டாகும். இதனுடையதும் ஆகும், நூற்றுக்கணக்கில். ஆனால் இது அந்தத் துண்டுகளை எடுத்துச் சில மணி நேரத்தில் பழையபடி ஒட்டிக்கொள்ளும். அது சாவதில்லை என்று சொல்வது சரியில்லை. செத்துக் கிடந்துவிட்டு எழுந்து உட்காரும். இந்தக் குணம் கதிருக்காக வந்ததில்லை, காய்ந்து கிடந்து பழகியதால் வந்தது என்பார்கள். தண்ணீரில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தாலும் இழை அதேபோல்தான் உடையும்.

நான் அதைக் காந்தத்துக்கு நடுவில் வைத்து அல்ட்ராவயலட் விளக்கைக் காட்டினேன். காந்தம் இருந்த தட்டுகளில் அதிகமாகப் பிழைத்தது. பதினொரு முறை செய்தேன். ஏழு முறை பிழைத்தது, நான்கு முறை வித்தியாசம் இல்லை. உன் கை அழுக்கு என்றார் மேற்பார்வையாளர். மறுபடி செய் என்றார். நான் மறுபடி போகவில்லை. தோற்றுப்போனேன் என்று சொல்ல முடியாது. நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

காந்தத்தை மட்டும் விடவில்லை. டோஸ் சில்லை முன்பு டேப்பில் ஒட்டுவார்கள். கதிர் பட்டுப் பசை இளகிச் சில்லு உள்ளே விழுந்துவிடும். பெட்டி முழுவதையும் கலைத்துத் தேட வேண்டும். இரண்டு காந்த வில்லை போதும், அட்டைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் சில்லு, அசையாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழும் ஒரு பிளாஸ்க்கும் தந்தார்கள். பிளாஸ்க்கில் இன்றைக்கும் சூடு நிற்பதில்லை.

விபூதி போட்ட பை பெட்டியின் ஓரத்தில் கடைசியாகச் சொருகப்பட்டது. உள்பக்கக் காந்தம் அதன் காகிதத்தின்மேல் அழுந்திக்கொண்டு நின்றது. அதையும் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் சில்லை அளந்தோம். கதிர் சரி. அந்த எண் சரியாக இருந்தால் லாரி புறப்படலாம். புறப்பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடம் வெளியே போகும் சரக்கிலிருந்து ஒரு பையை எடுத்து, குழாயைச் சத்துநீரில் போட்டுப் பதினான்கு நாள் வைத்திருக்கும். நீர் தெளிவாக இருந்தால் கிருமி இல்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து அது தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அந்த முறை லாரி ஏறும் முன் அவர்கள் எடுத்த பை, மம்பாவ் பெட்டியில் கைக்கு முதலில் வந்த ஓரத்துப் பை.

ஆய்வுக்கூடத்தில் ஜுபைதா. ரசாவில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட நான்கு வயது சின்னவள். படிப்பை முடித்தவள். ஆறாம் நாள் காலை நான் அட்டையைத் தட்டிவிட்டு வெளியே போகும்போது கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"புவன், வீட்டுக்குப் போவாத. இங்க வந்து பாரு."

குடுவையின் அடியில் ரோஸாக எதுவோ படிந்திருந்தது. கல்யாண வீட்டு ரோஸ் சிராப் தண்ணீரைக் கலக்காமல் வைத்ததுபோல. அவள் லேசாக ஆட்டினாள். புகை மாதிரி எழும்பி, சுற்றி, மெதுவாக மறுபடி உட்கார்ந்தது.

"அலாமா, என்னான்னு சொல்லுலா. நீதான புரொபசர்."

"தெரியல."

"என் கைதான் அழுக்குன்னு எழுதிடுவாங்க. பை காகிதத்த வச்சிருக்கேன், அத அகார் கூழ்ல அழுத்தி வைக்கிறேன். குழாயில இருந்துச்சா, பையில இருந்துச்சா, இல்ல என் கையில இருந்துச்சான்னு தெரிஞ்சிடும். அது வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

"தொறக்க மாட்டேன்."

நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பழைய ஆளைச் சந்தையில் பார்த்ததுபோல இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். இதே நிறத்தில் ஆபத்தில்லாத வேறு கிருமிகளும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஐந்து நாள் ஓட்டினேன்.

பதினொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழே கால். அவள் என்னிடம் தட்டைக் கொடுத்தாள்.

அகாரின்மேல் ஒரு வளையம். பெரிய சட்டைப் பொத்தான் அளவு. ரோஸ் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கோடு பிசகாமல், வட்டமாக நின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. வெளியேயும் ஒன்றும் இல்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாகப் பொட்டு வைத்ததுபோல இருந்தது.

"மைக்ரோஸ்கோப்புல பாத்தேன். நாலு நாலா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. புவன், இருபத்தஞ்சாயிரம் வாங்கிட்டு வந்து இப்படி உக்காந்திருக்கு. அது ஏன் ரவுண்டா இருக்கு?"

அந்த வட்டத்தின் அளவு எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும் அளவு. காந்த வில்லையின் விளிம்பு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விபூதி, முகுந்தன் அண்ணன், என் காந்தம், மம்பாவுக்குப் போன பெட்டிகள். நான்கு வாக்கியம். அவள் போனை எடுத்திருப்பாள், எட்டு மணிக்குள் மம்பாவில் பெட்டிகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

"தெரியல" என்றேன் மறுபடி. "தூங்கிட்டு வந்து யோசிக்கிறேன்."

நான் பயந்து மறைக்கவில்லை. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் தலைக்குள் ஓடியது வேறு. ஏழு முறை பிழைத்தது, நான்கு முறை இல்லை. இப்போது எட்டாவது. இந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். கோபால்ட் அறைக்குள் நுழையும்போது கையில் வைத்திருக்கும் கதிர் அளக்கும் மீட்டர் ஒன்றைப் பையில் போட்டேன். ஒரு காந்த வில்லையையும் எடுத்துக்கொண்டேன். முகுந்தன் அண்ணனை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"அண்ண, அந்த விபூதி எந்தக் கோயிலு?"

"ஏன், ஒனக்கும் வேணுமா? கல்யாணம் ஆவலன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"வெளயாடாதீங்கண்ண. கிருமி வளந்திருக்கு. லேப்புல."

ஹெல்மெட்டைப் போட்டவர் கழற்றினார். "அதுலயா? சாமி விபூதிடா அது. நெருப்புல சுட்டது."

"எத்தன பையில போட்டீங்க?"

"ஒண்ணு. நீ பாத்த ஒண்ணுதான். அத லேப்புல எடுத்துட்டாங்க இல்ல? அப்பறம் என்னா?"

அப்படியென்றால் வெளியே எதுவும் இல்லை. எனக்கு நிம்மதி வந்தது. அது நிம்மதி இல்லை, அவசரம்.

"கோயிலக் காட்டுங்க. இப்பவே போயிட்டு வந்துடலாம்."

"இப்பவா? ஒம்போது மணிக்கு நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஒப்பிஸ்ல சொல்லிடுவியா?"

"கோயிலப் பாக்குறேன் மொதல்ல."

"சரி. வந்து பாரு. பாத்துட்டு வாய மூடு."

புக்கிட் பெலண்டோக் பக்கம், லுக்குட் போகும் வழியில் உள்ளே வெட்டினால் அவர் பிறந்த தோட்டம். தொண்ணூற்றொன்பதில் பன்றிப் பண்ணைகளிலிருந்து கொள்ளைக் காய்ச்சல் பரவி அந்த வட்டாரமே காலியானபோது லயத்தில் குடியிருந்த தோட்டத்து ஆட்களும் கிளம்பினார்கள், பலர் திரும்பவில்லை. ரப்பர் எடுக்கும் பால்மரம் போய் இப்போது எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. மண் பாதையில் மோட்டாரை நிறுத்தி நடந்தோம். செம்பனைக் காட்டில் ஓயாமல் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். எலி, பாம்பு, காய்ந்த மட்டை விழுவது, பூச்சி. நடக்க நடக்க அது குறைந்தது. பிறகு எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்.

கோயில் என்றால் ஒரு கல், மேலே துத்தநாகத் தகடு, பக்கத்தில் ஓர் இரும்பு அரிவாள். சுற்றி ஒரு பட்மிண்டன் திடல் அளவுக்குப் புல்லே இல்லை. இந்த நாட்டில் ஒரு மாதம் வெட்டாமல் விட்டால் தார் ரோட்டில்கூடப் புல் முளைக்கும். இங்கே தரை கறுப்பு மணலாக, பெருக்கி வைத்ததுபோல் கிடந்தது. எறும்புகூட இல்லை.

"யாரு வந்து சுத்தம் பண்ணுறா?"

"யாரும் இல்லடா. சின்னப் புள்ளைலருந்து இப்படித்தான். முனியாண்டி நடமாடுற எடம், ஒண்ணும் மொளைக்காதுன்னு சொல்லுவாங்க. செருப்பக் கழட்டு."

"மணல் எங்கருந்து வந்துச்சு?"

"ஈயம் எடுத்த குட்டைலருந்துதான். அந்தக் காலத்துல தொர லாரில கொண்டாந்து கொட்டினானாம், சேறா இருக்குன்னு."

வெள்ளீயத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் கறுப்பு மணலை இங்கே அமாங் என்பார்கள். அதற்குள் கதிர் வீசும் தோரியம் உண்டு. இரும்பும் உண்டு. நான் செருப்பைக் கழற்றவில்லை.

பையிலிருந்து மீட்டரை வெளியே எடுத்தேன். வழியில் எப்போதாவது ஒருமுறை டிக் என்றுகொண்டிருந்தது இங்கே கொட்டும் மழை தகரத்தில் விழுவதுபோல ஆரம்பித்தது. கல்லின் அருகே கொண்டுபோனபோது தனித்தனியாகக் கேட்கவில்லை. ஒரே இழுப்பு. ஓர் ஆளைக் கொல்லும் அளவு ஒன்றும் இல்லை. ஆனால் நூறு வருஷமாக, ராத்திரி பகல் இல்லாமல், ஒரு நொடியும் விடாமல் இங்கே ஏதோ இப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க யாரிடமும் காது இல்லை.

கல்லுக்கு முன்னால் மண்சட்டியில் விபூதி. தகடு மறைத்ததால் மழை படாமல், எத்தனையோ வருஷமாகக் காய்ந்து கிடந்த சாம்பல். வெள்ளையாக இல்லை. லேசாக ரோஸ்.

"குங்குமம் கலந்திருக்கு" என்றார் அண்ணன், நான் கேட்காமலே.

"யாரு வச்சா?"

அங்கே குங்குமம் வைக்க வேறு யாரும் வருவதில்லை என்று அவருக்கே தெரியும்.

காந்த வில்லையைச் சாம்பலின்மேல் நீட்டினேன். தொடவில்லை. ஒரு விரல் உயரத்தில் பிடித்தேன். சாம்பல் அசைந்தது. உள்ளிருந்து கறுப்புத் துகள்கள் எழுந்து நின்று, முடி சிலிர்ப்பதுபோல் நிமிர்ந்து, வில்லையின் விளிம்பில் மட்டும் வட்டமாக ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒன்றும் இல்லை.

தட்டில் பார்த்த வளையம்.

இதில் எது உண்மை என்று அங்கேயே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. காந்தம் கிருமிகளைக் காப்பாற்றியதா? அல்லது கிருமி ஒட்டிய இரும்புத் துகளை ஒரே இடத்துக்கு இழுத்துச் சேர்த்தது மட்டும்தானா? கும்பலாகச் சேர்ந்ததால் உள்ளே இருந்தவை பிழைத்தனவா? அல்லது காந்தத்துக்கு இதில் வேலையே இல்லாமல், நூறு வருஷம் கதிரில் கிடந்து பழகியவற்றுக்கு எங்கள் கோபால்ட் ஒரு பொருட்டாகவே இல்லையா? நான் அப்படியே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"டேய்." அண்ணன் குரல் மாறியிருந்தது. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கிருமி... ரத்தத்துல போனா என்னா பண்ணும்?"

"இது ஒண்ணும் பண்ணாதுன்னுதான் புஸ்தகத்துல இருக்கு. ஆனா இதே சாவலன்னா, அது கூட வேற என்னா பொழச்சி வந்துருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஏன் கேக்குறீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுப்பு மணலில்.

"ரெண்டு போட்டேன்டா. நீ பாக்காதப்ப ஒண்ணு. மத்த பெட்டில. ஒண்ணு போனாலும் ஒண்ணு கெடைக்கட்டும்னு. சுழி போட்டத எடுத்து வச்சிக்கன்னு தனத்துக்கிட்ட சொன்னேன். அவ நர்ஸ் மிஸிகிட்ட கேட்டு எடுத்து வச்சிட்டா." எழுந்திருக்கக் கை ஊன்றினார். "இன்னிக்கி ஆடி வெள்ளி. இன்னிக்கித்தான் மாட்டுவேன்னா."

"எத்தன மணிக்கி?"

"ஒம்போது."

மணி எட்டு ஐம்பது. போனை எடுத்தேன். செம்பனைக் காட்டில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அவர் போனிலும் இல்லை. ஓடினோம். மண் பாதையில் அவர் மோட்டார் இரண்டு முறை சறுக்கியது, நிற்கவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்து லைன் கிடைத்ததும் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊசி குத்தும்போது தனம் அண்ணி போனைப் பைக்குள் போட்டுவிடுவாராம். மையத்தின் எண்ணும் யாரும் எடுக்காமல் அடித்து ஓய்ந்தது. மேற்கொண்டு முயற்சி செய்ய நாங்கள் நிற்கவில்லை.

மம்பாவ் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது.

பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இயந்திரங்கள். ஜன்னல் ஓரத்தில் தனம் அண்ணி. பச்சைப் புடவை, தலையில் கொஞ்சம் பூ. இடது கையிலிருந்து சிவப்பாகக் குழாய் கிளம்பி இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. மடியில் பிரித்த பை. அதன் காகிதத்தில் பிள்ளையார் சுழி. பையின் ஓரத்தில் தங்கியிருந்த சாம்பலை விரலால் தொட்டு நெற்றியில் இட்டிருந்தார். ஊசி ஏறும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கோடு இழுத்திருந்தார்.

"என்னாங்க, ரெண்டு பேரும் மண்ணுல பெரண்டுட்டு வாறீங்க? தம்பி, ஒங்களுக்கு ராத்திரி வேலதான? போயித் தூங்குங்க."

நான் மிஸியிடம் சொன்னேன். நிறுத்துங்கள், குழாயில் கிருமி, நான் தொழிற்சாலை ஆள். அவர் என் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், இயந்திரத்தை நிறுத்தினார். குழாயில் இருந்த ரத்தத்தை உடம்புக்குத் திருப்பவில்லை. அப்படியே இறுக்கி, கழற்றி, மஞ்சள் பையில் போட்டார். குழாயின் முனைகளில் மூடி உண்டு, சாம்பல் உள்ளே போயிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூடியைக் கழற்றுவது கை. அந்தக் கை சாம்பல் இருந்த பையைப் பிரித்த கை.

நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. நாற்பது நிமிஷம் என்றால் உடம்பில் உள்ள ரத்தம் முழுவதும் இரண்டு மூன்று தடவை அதன் வழியாகப் போய் வந்திருக்கும்.

நடைபாதைக்கு வந்து ஜுபைதாவை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, காந்தம், இரண்டு பை, தனம் அண்ணி. அண்ணன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"எத்தன மணிலருந்து ஒனக்குத் தெரியும்?" என்றாள் ஜுபைதா.

"ஏழே கால்லருந்து."

"ஏழே கால்ல நீ என் பக்கத்துலதான நின்னுட்டு இருந்த."

அவள் போனை வைத்தாள். பத்து நிமிஷத்தில் அந்தச் சரக்கு முழுவதும் திரும்ப வரவேண்டும் என்று எல்லா மையங்களுக்கும் செய்தி போனது. பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

தனம் அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து நாள். தினமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். காய்ச்சல் வரவில்லை, குளிர் வரவில்லை, சோதனையில் ஒன்றும் வளரவில்லை. மற்ற மையங்களிலிருந்து திரும்பிய பைகள் எல்லாம் தெளிவு. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்தார்கள். அவர் இப்போது பாசார் சந்தையில் காய்கறி லாரியிலிருந்து சுமை இறக்குகிறார். நான் ஒரு கிடங்குக்கு இராத்திரிக் காவல்.

இரண்டு மாதம் கழித்து ஜுபைதா ஒரு செய்தி அனுப்பினாள். அதுவரை பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. கோயில் சாம்பலை எடுத்து வந்து கோபால்ட்டில் வைத்திருக்கிறாள். பாதியைக் காந்தத்தோடு, பாதியைக் காந்தம் இல்லாமல். 'ரெண்டுலயும் வளந்துச்சு. டோஸ டபுள் பண்ணேன். ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு வளந்துச்சு. உன் காந்தம் ஒண்ணும் பண்ணல.' அவ்வளவுதான். படம் ஒன்று இருந்தது. வெள்ளைத் தட்டு, நடுவில் ஒரே ஒரு ரோஸ் புள்ளி.

ஆக, நான் அந்தக் காலை கோயிலுக்குப் போனது எதற்காகவோ, அது அங்கே இல்லவே இல்லை.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தனம் அண்ணி டயாலிசிஸ் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். முன்பெல்லாம் முடித்துவந்த நாளில் படுத்துவிடுவார் என்று அண்ணன் சொல்வார். அன்றைக்கு அவரே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார்.

"அன்னையிலருந்து அசதியே இல்ல தம்பி. டாக்டரே கேக்குறாரு, என்னா சாப்புடுறீங்கன்னு."

"விபூதி இன்னும் வச்சிருக்கீங்களா?"

"எங்கங்க? அவரு அன்னிக்கே எடுத்துட்டுப் போயிக் கொட்டிட்டாரு. வீட்டுல ஒரு துளி இல்ல."

கோப்பையை நீட்டிய கையில், ஊசி குத்திய இடத்தில், வட்டமான பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, தோலின்மேல், லேசாக ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. பிசகாத வட்டம்.

"அண்ணி, கையில என்னா அது?"

அவர் குனிந்து பார்த்தார். "குங்குமம் தம்பி. கை பட்டிருக்கும்" என்று புடவைத் தலைப்பால் துடைத்தார். போய்விட்டது.

அவர் நெற்றியில் இருந்தது கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.